பதினேழாம் நிரையும் லாக்கர் பதினேழும்

— மூஞ்சியே தெரியல பிரேமா! பிரிவ்யூன்னு போட்டுக் காட்டுன படம் ரெண்டரை மணி நேரம். அதுல முக்கால் மணி நேரம் கதாநாயகி மூஞ்சியே தெரியல. தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளைத் துணி. பேய்ப்படமா காதல் படமான்னே எனக்குப் புரியல.

— பெல்ட்டப் போடுங்க முதல்ல, மால் வாசல்லயே போலீஸ்காரன் நிக்கிறான். கூலிம் கிலாங்ல, அந்தச் சில்லு ஃபேக்டரிக்குள்ள, அப்படித்தான்லா உடுத்தணும். ஒரு தூசி விழுந்தாலும் சில்லு கெட்டுப் போயிரும். பத்தொன்பது வருஷம் நானும் அதைத்தான் மாட்டிக்கிட்டு நின்னேன். என்னைப் பாத்து என்னிக்காவது பயந்தீங்களா?

— அதைக் கழட்டிட்டு வீட்டுக்கு வந்தப்புறம்தானே பயந்தேன்.

— அடேங்கப்பா. எழுத்தாளரு ஜோக்கு சொல்றாரு. இதை டைரக்டர் எரிக்கிட்ட சொல்லியிருந்தா படத்துல சேத்திருப்பான்.

— சேக்கறதுக்கு இடம் எங்க இருக்கு? எல்லாத்தையும் அவனே சேத்துட்டான். நான் என்ன சொல்ல வர்றேன்னா, என் ‘பதினேழாம் நிரை’ ரப்பர் தோட்டத்துக் காவியம். விடியக்காலைப் பனி, பிரட்டுல ஆளுங்கள நிறுத்தித் தண்டல் கங்காணி பேரு வாசிக்கிற சத்தம், வரிசை வரிசையா பால் மரம். அத்தனையும் வழிச்சு எறிஞ்சிட்டு ஒரு ஃபேக்டரியக் கொண்டாந்து வெச்சிருக்கான். பேரு வேற ‘லாக்கர் 17’. பேங்குக் கொள்ளைப் படம்னு நினைச்சுல்ல ஜனங்க டிக்கெட் வாங்கும்!

— காவியம்னு யாருங்க சொன்னா?

— மூணு பதிப்பு வந்திருக்கு பிரேமா.

— மூணாவது பதிப்பு மாடிப்படிக்குக் கீழதானே இருக்கு. கரையான் ரொம்ப ஆர்வமா படிக்குது. பாதிக்கு மேல முடிச்சிருச்சு.

— கெடாவுல ஒரு காலத்துல எந்தத் தோட்டத்துல கல்யாணம் நடந்தாலும் என் நாவலைத்தான் பரிசாக் குடுப்பாங்க.

— ஆமாமா. நீங்களே எடுத்துட்டுப் போயி மாப்பிள்ளை கையில குடுத்துட்டு, அப்படியே ஃபோட்டோவுக்கும் நின்னா, அவங்க பாவம் என்ன செய்வாங்க?

— உனக்கு இலக்கியம் புரியாது. எழுத்தாளன்ங்கற முறையில என் வயிறு எரியுது. கதாநாயகன் என்ன பண்றான் பாத்தியா? என் நாவல்ல அவன் அமைதியானவன். பால் வாளியத் தூக்கிட்டு நடந்தா, வாளி தளும்பாது. இங்க பைக்கு மேல ஏறி நின்னுட்டு ராப் பாடுறான்.

— பாட்டு நல்லாத்தான்லா இருந்துச்சு.

— என்ன பாட்டு? “ஓவர்டைம் கண்ணாலே ஓவரா பாக்காதே.” இது பாட்டா? சம்பளச் சீட்டு!

— உங்க நாவல்ல மூணாவது அத்தியாயத்துல நீங்க எழுதின கவிதைய விடவா? நாப்பது வரி. அதுல முப்பது வரி நிலாவுக்குத்தான். பொண்ணுக்குப் பத்து வரிதான் மிச்சம்.

— தஞ்சோங் டாவாய்ல டூயட்டு எடுத்திருக்கான். அதுவாவது ஒழுங்கா இருந்துச்சா? சுத்தி எங்க பாத்தாலும் நெத்திலி காயுது. நடுவுல பட்டுச்சேலை கட்டிட்டு அந்தப் பொண்ணு ஆடுது. மேல ட்ரோன் பறக்குது. ட்ரோனுக்குப் பின்னால கொக்கு பறக்குது.

— நம்ம தோட்டத்து இஞ்ஞாசி அண்ணன் வீட்டுப் பின்னாலதான் எடுத்தாங்களாம். நெத்திலி பூரா அண்ணனோடது. அத்தனை பேருக்கும் மீன் கறி வெச்சுச் சோறு போட்டாராம். அவரு சம்சாரம் எவலின் அக்கா போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் தனியாத்தான் சமைக்கிறாரு. போன கிறிஸ்மஸுக்குக் கேக்குகூட அவரே சுட்டு பஸ்ல எடுத்துட்டு வந்தாரு, பாத்தீங்கல்ல?

— பாத்தேன் பாத்தேன். கருகிப் போயிருந்துச்சு.

— கருகினதுல மூணு துண்டு நீங்கதான் தின்னீங்க.

— சிரி, நல்லா சிரி. அஞ்சு மணிக்கு எரிக் கையெழுத்துக்கு வீட்டுக்கு வருவான்ல? நான் போட மாட்டேன். மூலக்கதை ஆசிரியன் கையெழுத்து இல்லாம வெள்ளிக்கிழமை அந்தப் படம் தியேட்டருக்கு வராது. முடிஞ்சு போச்சு.

— இதோ பாருங்க. போன மாசம் கோயில் திருவிழாவுல மைக்கைப் பிடுங்கி, “என் நாவல் படமாகிறது, அனைவரும் குடும்பத்தோடு வருக”ன்னு சொன்னது யாரு? பூசாரி கையில தட்டை வெச்சிக்கிட்டு கால் மணி நேரம் நின்னாரு. சாமியே அன்னிக்குக் காத்திருந்துச்சு. இப்பப் போயி கையெழுத்துப் போட மாட்டேன்னா?

— படத்தைப் பாக்காம சொன்னேன். இப்பப் பாத்துட்டேன்.

— நாப்பது பேரு ஒன்றரை வருஷமா உழைச்சிருக்காங்க. அந்தப் பய அவன் அம்மா வீட்டை பேங்குல வெச்சு எடுத்திருக்கான். உங்களுக்கு ராப் பிடிக்கலன்னு அவனைத் தெருவுல நிறுத்துவீங்களா?

— ராப் இருக்கட்டும். பைக்கு இருக்கட்டும். பேய் மாதிரி உடுப்பு, கொக்கு, நெத்திலி எல்லாம் இருந்துட்டுப் போகட்டும். ஒரே ஒரு சீனை வெட்டச் சொல்லு. வெட்டிட்டா இன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

— எந்த சீனு?

— தெரியாத மாதிரி கேக்காத. அந்தக் கடிதம் சீன்.

— ஓ. அதுவா. மெதுவாப் போங்க, முன்னால லாரி.

— நான் எப்படி எழுதினேன்? பொண்ணு அந்தி நேரத்துல பதினேழாம் நிரைக்குப் போறா. கடைசி மரத்துல பால் பிடிக்கிற மங்கு கவுந்து இருக்கு. அதுக்குள்ள கடிதத்தைச் சொருகி வெக்கிறா. மறுநாள் காலையில கதாநாயகன் மங்கை நிமித்துறான். கடிதம் மடியில விழுது. அந்த ஒரு வரிக்காக எனக்கு எத்தனை வாசகர் கடிதம் வந்துச்சு தெரியுமா?

— தெரியும். அதுல ரெண்டு உங்க தம்பி எழுதினது.

— இந்த எரிக் என்ன பண்ணியிருக்கான்? அவ லாக்கருக்குள்ள கடிதத்தைப் போடுறா. ஆனா அந்த லாக்கர் கதாநாயகனோடதே இல்ல, அவனோட கூட்டாளியோடது! அன்னிக்குக் காலையில சூப்பர்வைசர் கூட்டாளிய வேற லைனுக்கு அனுப்பிட்டு, லாக்கரை இவனுக்கு மாத்திக் குடுத்துடுறான். இவன் தனக்குத்தான் கடிதம் வந்திருக்குன்னு நினைச்சு வாழ்க்கை பூரா ஏமாந்து திரியறான். கேவலம்! என் கதாநாயகனை ஒரு முட்டாளாக்கிட்டான்.

— முட்டாளா? எனக்கு அவனைப் பாத்தா பாவமாத்தான் இருந்துச்சு. அழுதுட்டேன்.

— நீ அழுததைப் பாத்தேன். நாவல்ல ஒரு வரி இருக்கா இப்படி? எங்கேயிருந்து எடுத்தான் இதை?

— உங்க நாவல்லேருந்துதான்.

— என்ன உளர்ற?

— நாவல்ல ஒரு ஓட்டை இருக்குங்க. வழக்கமான நிரை யாருக்காவது மாறுதான்னு எப்பத் தெரியும்? விடியக்காலை பிரட்டுல தண்டல் பேரு வாசிச்சாத்தான் தெரியும். அன்னிக்கு யாரு பேரு சொல்றாரோ அந்த நிரை அவங்களோடது, அதுல இருக்கிற பாலு, ஒட்டுப்பாலு, மங்கு, வாளி எல்லாம் அவங்களோடது. அதானே தோட்டத்துச் சட்டம்?

— ஆமா. அதுக்கென்ன?

— பதினேழாம் நிரை வழக்கமா கூட்டாளியோடது. அன்னிக்கு ஒரு நாள்தான் கதாநாயகனுக்கு மாறுச்சு. நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் அந்தப் பொண்ணு முதல் நாள் அந்திக்கே போயி எப்படி வெச்சா? நாளைக்கு நிரை மாறப் போவுதுன்னு அவளுக்கு யாரு சொன்னா? முனியாண்டி சாமி கனவுல வந்து சொன்னாரா?

— அது… இலக்கியத்துல அதையெல்லாம் கேக்கக்கூடாது.

— மூணு பதிப்புலயும் யாரும் கேக்கல. தோட்டத்துலயே பொறந்து வளந்தவங்ககூடக் கேக்கல. இந்த எரிக் பய பால் மரத்தை நெட்ல மட்டும்தான் பாத்திருக்கான். அவன் கேட்டான்.

— என்கிட்ட கேக்கலயே!

— என்கிட்ட கேட்டான்.

— எப்ப?

— நீங்க கோயில் கமிட்டி மீட்டிங்ல இருந்தப்போ. மூணு தடவை வந்தான். கிலாங் உடுப்பு எப்படிப் போடறது, ஷிஃப்டு எப்படி மாறும்னு கேக்க வந்தவன், தேத்தண்ணி குடிச்சிட்டே கேட்டுட்டான். “ஆன்ட்டி, இது உங்க கதைதானே? நெசமா என்ன நடந்துச்சு?”

— நீ என்ன சொன்னே?

— ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.

— பிரேமா, நீ என்ன சொன்னே?

— இன்னிக்கு என்ன கிழமை?

— திங்கள். ஏன்?

— நல்லதாப் போச்சு. நாப்பத்து மூணு வருஷத்துக்கு முன்னால, திங்கக்கிழமை சொல்லிடலாம்னு ஒண்ணை ஒத்திப் போட்டேன். அந்தத் திங்கக்கிழமை இன்னிக்குத்தான் வந்திருக்குன்னு வெச்சுக்குங்க.

— பூடகமாப் பேசாத. அது என் வேலை.

— அந்த லெட்டர் உங்களுக்கு எழுதினது இல்லீங்க.

— என்ன சொல்றே? மங்குலேருந்து எடுத்தது நான்தானே!

— பேரு எழுதல. யாராவது பாத்துட்டா அப்பா தோலை உரிச்சிருவாரு. அதுவும் நான் யாருக்கு எழுதினேனோ அவரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு; நாங்க சாமி கும்புடறவங்க. “ஞாயித்துக்கிழமை பத்து மணி, பீடோங் பஸ் ஸ்டாண்டு. இஷ்டம்னா நீலச் சட்டை போட்டுட்டு வாங்க.” அவ்வளவுதான் எழுதினேன். பதினேழாம் நிரை யாரோடதுன்னு தோட்டத்துக்கே தெரியும்.

— இஞ்ஞாசிமுத்து.

— மூணு வாரமா எங்கம்மா வாளிய ஸ்டோரு வரைக்கும் தூக்கிக் குடுத்தவரு அவருதான். ஒரு வார்த்தை பேசினதில்ல. வாளிய வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போவாரு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

— அப்புறம் ஏன் அன்னிக்கு என்கூட பஸ் ஏறினே?

— தூரத்துல நீலச் சட்டைய மட்டும்தான் பாத்தேன். வந்துட்டாருன்னு வேகமா நடந்தேன். கிட்ட வந்தா, சட்டைக்குள்ள நீங்க. தொளதொளன்னு, கையெல்லாம் மறைஞ்சு. காலர்ல கிழிசல் தைச்சிருந்துச்சு. அது யாரு சட்டைன்னு எனக்குத் தெரியாதா? அவருகிட்டயே இரவல் வாங்கிப் போட்டுட்டு வந்திருந்தீங்க!

— என்கிட்ட நீலச் சட்டை இல்ல.

— அதான் தெரியுதே. எண்ணெய் வழிய வழியத் தலை வாரி, லெட்டரை நாலா மடிச்சுக் கையில பிடிச்சுக்கிட்டு, “எனக்கு வந்துச்சு”ன்னு சொன்னப்போ, உங்க மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். இல்லன்னு சொல்ல வாய் வரல. சரி, ஒரு படம் பாத்துட்டு வரலாம், திங்கக்கிழமை சொல்லிக்கலாம்னு பஸ் ஏறிட்டேன்.

— நீ சொல்லவே இல்ல.

— எப்படிச் சொல்றது? திங்கக்கிழமை காலையில நீங்க தோட்டம் பூரா சொல்லிட்டீங்களே. பிரட்டுலயே கைதட்டினாங்களாம். அஞ்சு வருஷம் கழிச்சு நாவலா வேற எழுதிட்டீங்க. அதுலயும் அவரைக் காமெடியனா ஆக்கி, நம்ம கல்யாணத்துல உக்காந்து ஏழு வடை தின்னாருன்னு எழுதினீங்க. பந்தலுக்குத் தோரணம் கட்டினது அவரு. அன்னிக்கு அவரு ஒரு வாய் சோறு தின்னல. நான் பாத்துட்டே இருந்தேன்.

— வருத்தம்தானே உனக்கு? நாப்பத்து மூணு வருஷமா?

— இல்லீங்க. அதுதான் எனக்கே ஆச்சரியம். நாம என்ன வேணும்னா எழுதி வெக்கலாம், யாரு கையில போய்ச் சேரணும்னு சாமி முடிவு பண்ணிட்டாருன்னு நினைச்சேன். தண்டல் காளிதாசன் வாயில அன்னிக்கு உங்க பேரை வர வெச்சது சாமின்னுதான் நினைச்சேன். அதை நம்பித்தான் உங்ககூட வாழ்ந்தேன். நல்லாத்தானே வாழ்ந்தோம்?

— நல்லாத்தான் வாழ்ந்தோம்.

— அப்புறம் என்ன? எரிக்கிட்ட சொன்னது தப்புன்னா தப்புதான். ஆனா படத்துல அந்த ஹீரோ நல்லவன்தானே? ஒண்ணும் தெரியாம ஏமாந்தவன்தானே? உங்களைப் பாத்து ஜனங்க பாவம்னு சொல்லும். கையெழுத்தைப் போட்டுட்டு வெள்ளிக்கிழமை கோட்டு மாட்டிட்டு வந்து உக்காருங்க. முதல் வரிசையில உங்களுக்கு ஒரு சீட்டு, எனக்கு ஒண்ணு, இஞ்ஞாசி அண்ணனுக்கு ஒண்ணு.

— அவன் எதுக்கு?

— நெத்திலியத் தள்ளி வெச்சு இடம் குடுத்தாருல்ல. எரிக் நேர்ல போயி கூப்பிட்டிருக்கான்.

— அவன் வரக்கூடாது பிரேமா.

— ஏன்? லெட்டர் அவருக்கு எழுதினதுன்னு தெரிஞ்சிரும்னா? தெரியட்டும்லா. எனக்கு அறுபத்திரண்டு, அவருக்கு அறுபத்தேழு. சிரிச்சிட்டு பாப்கார்ன் தின்னுட்டுப் போயிருவாரு.

— சிரிக்க மாட்டான். அந்த சூப்பர்வைசர் கூட்டாளிய வேற லைனுக்கு அனுப்புற சீனைப் பாத்தா அவனுக்குப் புரிஞ்சிரும். அன்னிக்குக் கீழ் டிவிஷன்ல ஆள் குறைச்சலே இல்லன்னு அவனுக்குத் தெரியும்லா!

— என்னது?

— ஒண்ணுமில்ல.

— கீழ் டிவிஷன்ல ஆள் குறைச்சல், அதான் இஞ்ஞாசிய அங்க அனுப்பிட்டு நிரைய எனக்குக் குடுத்தாங்கன்னு பஸ்ல சொன்னது யாரு?

— நான்தான்.

— நாவல்ல எழுதினது யாரு?

— நான்தான்லா.

— அப்ப குறைச்சல் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவனே வந்து சொன்னான். ஆறு மைல் நடந்து போயிருக்கான். “உன்னை யாருடா வரச் சொன்னா?”ன்னு கேட்டு அங்கேயிருந்து திருப்பி அனுப்பிட்டாங்களாம். அன்னிக்குச் சம்பளமும் போச்சு. “காளிதாசன் ஏன்டா என்னை அனுப்பினாரு?”ன்னு என்கிட்டயே கேட்டான். அந்த நீலச் சட்டைய என் கையில குடுத்துக்கிட்டே கேட்டான் பிரேமா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— தெரியலன்னு சொன்னேன்.

— தெரியுமா தெரியாதா?

— பிரேமா, வீட்டுக்குப் போயி பேசலாம்.

— இங்கயே பேசுங்க. நாவல் எழுதத் தெரிஞ்சவருக்கு ஒரு வரி சொல்லத் தெரியாதா?

— நான் பதினெட்டாம் நிரை. பக்கத்து நிரை. அன்னிக்கு அந்தியில மாட்டுக்குப் புல்லு அறுக்க வந்தேன். நீ மங்கைத் தூக்கி லெட்டர் வெச்சதைப் பாத்தேன்.

— பாத்தீங்களா.

— நீ போனப்புறம் எடுத்துப் படிச்சேன். படிச்சிட்டு அப்படியே திருப்பி வெச்சிட்டேன். நேரா காளிதாசன் வீட்டுக்குப் போயி ரெண்டு போத்தல் பீரைக் குடுத்து, நாளைக்குப் பதினேழாம் நிரைய எனக்குக் குடுங்கன்னு கேட்டேன்.

— கையில இருந்த லெட்டரைத் திருப்பி வெச்சிட்டு, பீரு வாங்கிக் குடுத்து நிரைய மாத்தினீங்களா? எதுக்கு? அப்படியே எடுத்துட்டு வந்திருக்கலாமே!

— எடுத்தா அது திருட்டுலா. மறுநாள் பிரட்டுல என் பேரை வாசிச்சிட்டா, நிரை என்னோடது. அதுல இருக்கிறது எல்லாம் என்னோடது. நீதானே சொன்னே, அதான் தோட்டத்துச் சட்டம்.

— அந்தச் சட்டம் பாலுக்குங்க, லெட்டருக்கு இல்ல.

— உங்கம்மா நிரைக்கு வர்ற உன்னைப் பாக்கறதுக்காகத்தான் நான் அந்தப் பக்கத்து நிரையவே கேட்டு வாங்கியிருந்தேன் பிரேமா. நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல. வேற வழி தெரியல எனக்கு. தப்புதான். எழுதி எழுதி அதை மறைக்கப் பாத்தேன். அந்தப் பய படத்துல என்னை நல்லவனாக் காட்டுறான். அந்த நல்லவனைப் பாக்க முடியல என்னால. ஏதாவது சொல்லு. கையெழுத்துத்தானே? போட்டுர்றேன். எங்க வேணும்னாலும் போடுறேன். சாமி பண்ணினதுன்னே நினைச்சுக்கோயேன்…

— ரெண்டு போத்தல்.

— பிரேமா…

— முன்னால வர்ற சிம்பாங்ல இடது பக்கம் எடுங்க.

— வீடு நேராலா இருக்கு. எரிக் அஞ்சு மணிக்கு வந்து நிப்பான்.

— நிக்கட்டும். நானும் ஒரு காலத்துல பஸ் ஸ்டாண்டுல நின்னவதான்.

— இடது பக்கம் போனா தஞ்சோங் டாவாய்தானே?

— ஆமா.

— இஞ்ஞாசிமுத்து வீட்டுக்கா? எதுக்கு பிரேமா? அவன் உனக்கு அண்ணன் முறைலா…

— கல்யாணப் பந்தல்லயே “அண்ணேன்னு கூப்பிடு”ன்னு முறை வெச்சது நீங்க. இன்னியிலேருந்து அவரு எனக்கு அண்ணன் இல்ல. சிக்னலப் போட்டுத் திருப்புங்க.